ஊர்ச் சொத்தை யார் கையில் கொடுப்பது?

கேள்வி: ஐயா, எங்கள் ஊரில் பொதுக் களமும் அதை ஒட்டி ஒரு தானியக் கிட்டங்கியும் இருக்கின்றன. கட்டி ரொம்ப வருடமாகிறது. கூரை ஒழுகுகிறது, களம் முழுக்க விரிசல். வெளியூர் வியாபாரி ஒருவர் முப்பது வருடக் குத்தகைக்குக் கேட்கிறார். பழுதை அவரே பார்த்துக்கொள்வாராம். ஊரில் பாதிப் பேர் ‘கொடுத்துத் தொலைக்கலாம்’ என்கிறார்கள். கனடாவில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன், அங்கே வடகோடியில் ஓர் ஊருக்குப் போகும் ரயில் பாதையைத் தனியாரிடமிருந்து ஊர்க்காரர்களே வாங்கிவிட்டார்கள் என்கிறான். அந்தப் பக்கம் மண்ணே உறைந்து கிடக்குமாம், ஆனாலும் கீரை போடுகிறார்களாம். இதெல்லாம் நிஜமா? எங்களுக்கு இதில் ஏதாவது உபயோகம் உண்டா?
– ஒரு பெண் விவசாயி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் அண்ணன் மகன் சொன்னது நிஜம்தான். ஆனால் அவர் சொன்னதில் பாதிக் கதைதான் இருக்கிறது. மீதியையும் தெரிந்துகொண்டால்தான் உங்கள் களத்துக்கு உபயோகம்.

அவர் சொல்லும் ஊரின் பெயர் சர்ச்சில். கனடாவின் மானிடோபா மாகாணத்தில், ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கிறது. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 870. நம் பக்கத்துக் குக்கிராமம் அளவுதான். வெளியிலிருந்து அந்த ஊருக்குச் சாலை கிடையாது. ரயில், விமானம், கோடையில் கப்பல், இவ்வளவுதான் வழி. தலைநகரான வின்னிபெக்கிலிருந்து ரயிலில் போனால் சுமார் 1,700 கிலோமீட்டர், ஏறக்குறைய இரண்டு நாள் பயணம். பனிக்கரடி தெருவுக்குள் வந்துவிடும் என்பதால் காரைப் பூட்டாமல் வைக்கும் வழக்கம் அங்கே உண்டு. துரத்தினால் யாராவது உள்ளே ஏறித் தப்பிக்கலாம் அல்லவா!

அந்த ரயில் பாதையைக் கேட்டு வாங்கியதே விவசாயிகள்தான். சமவெளிப் பகுதியின் கோதுமை விவசாயிகள், கிழக்கே போகும் ரயில் கம்பெனிகள் வைத்ததுதான் கூலி என்ற நிலையில் இருந்து விடுபட, வடக்கே கடலுக்குத் தனிப் பாதை வேண்டும் என்று பல வருடம் போராடினார்கள். முதல் உலகப் போரில் வேலை நின்றது. முதலில் நெல்சன் துறைமுகம் என்ற இடத்துக்குப் போவதாக இருந்தது, பிறகு சர்ச்சிலுக்கு மாற்றினார்கள். கடைசியில் பாதை 1929-லும் துறைமுகம் 1931-லும் முடிந்தன. சமவெளி என்றால் எந்த இடம் என்று கேட்பீர்கள். நம் மளிகைக் கடைகளில் கனடா மைசூர் பருப்பு, கனடா பட்டாணி என்று விற்கிறார்களே, அதில் பெரும்பகுதி விளையும் சஸ்காட்சவன் மாகாணம் அந்தச் சமவெளியில்தான் இருக்கிறது.

பல வருடம் அது அரசின் பாதையாக இருந்தது. 1997-ல் அமெரிக்காவின் டென்வர் நகரைச் சேர்ந்த ஆம்னிட்ராக்ஸ் என்ற தனியார் நிறுவனத்துக்கு விற்றார்கள். துறைமுகமும் பெயரளவு விலைக்கு அதே கைக்குப் போனது. அப்போதைக்கு அது நல்ல ஏற்பாடாகவே பட்டிருக்கும். சரக்குக்கும் குறைவில்லை. கனடா கோதுமை வாரியம் விவசாயிகளின் கோதுமையை மொத்தமாக வாங்கி விற்றுவந்தது, அதில் ஒரு பங்கைச் சர்ச்சில் வழியாக அனுப்பியது. 2012-ல் வாரியத்தின் அந்த ஏகபோக உரிமை போயிற்று. தனியார் தானியக் கம்பெனிகளுக்கு வேறு துறைமுகங்களில் சொந்தக் கிடங்குகள் இருந்தன, அவர்கள் ஏன் வடக்கே வரப்போகிறார்கள்? வரத்துக் குறைந்து, 2016-ல் துறைமுகத்தில் தானிய ஏற்றுமதி நின்றது, ஆட்களுக்கு வேலை போயிற்று.

அடுத்த வருடமே இடி விழுந்தது. 2017 மே மாதம், பனி உருகிய வெள்ளத்தில் பாதை ஏறக்குறைய இருபது இடங்களில் அரித்துக்கொண்டு போனது. பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது என்று கம்பெனி கையை விரித்தது. 2008-ல் அரசிடம் உதவிப் பணம் வாங்கியபோது 2029 வரை பாதையை ஓட்ட ஒப்புக்கொண்டாயே என்று மத்திய அரசு கேட்டது. வழக்கு, வாய்தா. அதற்குள் ஊரில் பால், காய்கறி, டயர், சிமெண்டு எல்லாம் விமானத்தில் வந்தாக வேண்டிய நிலை. விலை ஏறியது, சில குடும்பங்கள் ஊரைவிட்டே போயின. குளிர் காலத்துக்குள் புரொப்பேன் எரிவாயு வந்து சேராவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், மாகாண அரசு கப்பலில் கொண்டுவந்து இறக்கியது.

இங்கேதான் உங்கள் கேள்விக்கான விஷயம் இருக்கிறது. 2018 ஆகஸ்டு 31 அன்று பாதை கைமாறியது. வாங்கியது ஆர்க்டிக் கேட்வே என்ற கூட்டமைப்பு. அதில் அந்தப் பாதையோர ஊர்களும் பூர்வகுடிச் சமூகங்களும் ஒரு பங்கு, இரண்டு கம்பெனிகள் இன்னொரு பங்கு. அக்டோபர் 31-க்குள் பாதையைச் சரிசெய்துவிட்டார்கள். டிசம்பரில் பயணிகள் ரயிலும் வந்துவிட்டது. அதாவது உடைந்ததை ஒட்டவைக்க ஆன காலம் இரண்டு மாதம். யார் ஒட்டவைப்பது என்று தீர்மானிக்க ஆன காலம் பதினைந்து மாதம்!

2021-ல் கம்பெனிகள் தங்கள் பங்கையும் ஒப்படைத்துவிட, இப்போது 41 பூர்வகுடி, பாதையோர சமூகங்கள் சேர்ந்து பாதைக்கும் துறைமுகத்துக்கும் சொந்தக்காரர்கள். உங்கள் அண்ணன் மகன் சொன்னது இதைத்தான். அவர் சொல்லாமல் விட்டது, 2018-ல் மத்திய அரசு இதற்காக ஒதுக்கிய 11 கோடியே 70 லட்சம் கனடிய டாலரை. அதற்குப் பிறகும் மத்திய, மாகாண அரசுகள் பணம் தந்துகொண்டுதான் இருக்கின்றன. உறைமண் மேல் போட்ட தண்டவாளம் வருடா வருடம் இறங்கும், ஏறும். அதைச் சமன்செய்து சரளை கொட்டுவது ஓயாத வேலை. அந்தச் செலவை எந்த ஊரும் வசூல் பண்ணித் தாங்க முடியாது. ‘ஊர் வாங்கியது, எல்லாம் சரியாகிவிட்டது’ என்று யாராவது உங்கள் கூட்டத்தில் பேசினால் இதையும் சொல்லுங்கள்.

மண் உறைவதைக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே மேல்மண் ஒன்றிரண்டு அடிதான் கோடையில் இளகும், இடத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அதற்குக் கீழே வருடம் முழுக்கக் கல்லாக உறைந்த மண். அதன்மேல் நேராக வீடு கட்டினால் வீட்டுச் சூடு இறங்கி மண் இளகும், வீடு ஒரு பக்கம் சாயும். தண்ணீர்க் குழாயைப் புதைத்தாலும் இதே கதை. ஒன்று குழாய்ச் சூட்டில் மண் இளகும், இல்லாவிட்டால் குழாயே உறைந்து வெடிக்கும். அதனால் இன்னும் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கும் இனுவிக் என்ற ஊரில், வீடுகளைத் தூண்மேல் கட்டி, குடிநீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் குளிர் தாங்கும் ஒரே பெட்டிக்குள் வைத்துத் தரைக்கு மேலேயே ஓட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு அந்தப் பெட்டியிலிருந்து கிளை போகும். 1950-களில் அரசு திட்டம் போட்டுக் கட்டிய ஊர் அது. ஆனால் ஆரம்பத்தில் அந்தப் பெட்டி போனது அரசு ஊழியர் குடியிருந்த கிழக்குப் பக்கம்தான். பூர்வகுடிக் குடும்பங்கள் இருந்த மேற்குப் பக்கத்துக்கு லாரித் தண்ணீரும் வாளிக் கக்கூசும். குழாய் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்பது பொறியாளர் மட்டும் முடிவு செய்கிற விஷயமாக எந்த நாட்டிலும் இருந்ததில்லை போலும்.

கீரை விஷயமும் இதே இனுவிக்கில்தான். அங்கே ஒரு விடுதிப் பள்ளிக்குச் சொந்தமான பனிச்சறுக்கு விளையாட்டரங்கம் இருந்தது. குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த விடுதி அது, அதைப் பற்றி அங்குள்ளவர்களுக்குக் கசப்பான நினைவுகள் உண்டு. அரங்கத்தை இடிக்க இருந்தார்கள். ஊர்க்காரர்கள் ஒரு சங்கம் வைத்து அதைக் கேட்டு வாங்கி, கூரையில் ஒளி புகும் பாலிகார்பனேட் தகடு போட்டு, 1998-ல் பசுமைக்குடில் ஆக்கிவிட்டார்கள். கீழ்த்தளத்தில் பலகை அடித்த மேட்டுப்பாத்திகள், எழுபதுக்கு மேல். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்தி. வருடக் கட்டணம் உண்டு, அதோடு பொது வேலையும் சில மணி நேரம் செய்ய வேண்டும். மேல்தளத்தில் நாற்றும் பூச்செடியும் வளர்த்து விற்று, அந்தக் காசில் குடிலின் நடைமுறைச் செலவைச் சமாளிக்கிறார்கள். மே நடுவிலிருந்து செப்டம்பர் வரைதான் பருவம். கோடையில் ஐம்பது நாளுக்கு மேல் சூரியன் மறைவதே இல்லை என்பதால் செடி மளமளவென்று வளரும். (இவ்வளவு நீண்ட பகல் பட்டால் பாலக் கீரை சீக்கிரம் பூத்துவிடும், அந்தத் தொல்லையும் உண்டு.)

எனக்கு இதில் பிடித்தது தொழில்நுட்பம் அல்ல, நம் ஊரில் நிழல்வலைக் குடிலை இதைவிட நன்றாகப் போடுவோம். மேல்தளத்து வருமானம் கீழ்த்தளத்தைத் தாங்குகிறது பாருங்கள், அந்தக் கணக்குதான் பிடித்தது. மானியத்தில் கட்டி, திறப்பு விழாவோடு பூட்டிப்போட்ட உலர்களங்களை என் முப்பது வருட வேலையில் நிறையப் பார்த்துவிட்டேன். எதிலும் இந்தக் கணக்கு இருந்ததில்லை.

இனி உங்கள் களம். வியாபாரிக்குக் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஒழுகும் கூரையைவிட ஒழுகாத கூரை மேல். ஆனால் முப்பது வருடம் என்பது அதிகம், மிக அதிகம். சர்ச்சிலில் வாங்கியவர் கெட்டவர் என்பது முதல் பிரச்சினை இல்லை. வாரியம் போய் வரத்துக் குறைந்ததும் அவருக்கு அந்தச் சொத்தில் அக்கறை போயிற்று, ஊருக்கோ அதைவிட்டால் வேறு வழியே இல்லை. உங்கள் வியாபாரி இன்று மக்காச்சோளம் வாங்குகிறார். நாளைக்கு விலை இறங்கி அவர் வேறு சரக்குக்குப் போனால் கிட்டங்கியின் சாவி யாரிடம் இருக்கும்?

முதலில் இடம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஊராட்சியா, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கமா, வேளாண் விற்பனைத் துறையா? அதைப் பொறுத்து அனுமதி தரும் இடமே மாறும். ஊராட்சிச் சொத்து என்றால், எத்தனை வருடம்வரை ஊராட்சியே குத்தகைக்கு விடலாம், எதற்கு மேல் மேலிட அனுமதி வேண்டும் என்று வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். குத்தகை மூன்று வருடம், பிறகு புதுப்பித்தல் என்று இருக்கட்டும். ‘பழுது பார்த்துத் தருவேன்’ என்று ஒரு வரி போதாது. கூரை எந்த மாதத்துக்குள், களத்தின் விரிசல் எந்த மாதத்துக்குள் என்று எழுத வேண்டும். வெள்ளத்திலோ புயலிலோ சேதமானால் யார் செலவு என்பதையும் எழுத வேண்டும், அங்கே சண்டை வந்தது அந்த இடத்தில்தான். ஒரு பருவம் பூட்டிக் கிடந்தால் குத்தகை தானாக ரத்து என்று ஒரு ஷரத்து. அறுவடைக் காலத்தில் உள்ளூர்க்காரர் காயப்போட இத்தனை சதுர அடி, இன்ன கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று இன்னொன்று. முன்பணத்தை ஊராட்சிக் கணக்கில் கட்டச் சொல்லுங்கள், கையில் வாங்க வேண்டாம்.

கொடுக்காமல் நீங்களே நடத்துவது என்றால், உழவர் உற்பத்தியாளர் குழு இருக்கிறதா என்று பாருங்கள். கிட்டங்கியில் பாதியை வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் களத்தைப் பராமரிக்க முடியுமா என்று கணக்குப் போடுங்கள். கட்டவில்லை என்று தெரிந்தால் அதையும் மறைக்காமல் ஊரில் சொல்லிவிடுங்கள், அப்போது அரசு நிதி கேட்பதற்குக் கையில் ஒரு கணக்காவது இருக்கும்.

கிராம சபை வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வருவது எதுவோ அதற்கு முன் வியாபாரி கொடுத்த வரைவு ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை அலுவலக முகவரிக்கு அனுப்பிவையுங்கள். படித்துப் பார்த்து ஷரத்து ஷரத்தாகக் குறிப்பு எழுதி அனுப்புகிறேன். கையெழுத்தை அதுவரை யாரும் போட வேண்டாம்.