கணக்குக் காட்டாத வரைபடம் எதற்கு?

இப்போதெல்லாம் ஊருக்குள் எந்தக் கூட்டம் நடந்தாலும் சுவரில் ஒரு வண்ணப் படத்தை மாட்டிவிடுகிறார்கள். பச்சை என்றால் காடு, நீலம் என்றால் ஓடை, சிவப்பு என்றால் கட்டடம் கட்டக்கூடாத இடம். "இதை எப்படிங்க வரைஞ்சீங்க?" என்று கேட்டால், "சாப்ட்வேர்ல வந்ததுங்க" என்று பதில் வருகிறது. சாப்ட்வேர் என்ன சாமியா, தானாக வரம் கொடுப்பதற்கு? யாரோ ஒருவர் ஏதோ ஒரு தகவலை உள்ளே கொடுத்து, ஏதோ ஓர் எண்ணைப் போட்டுத்தான் அந்தக் கோடு விழுந்திருக்கிறது. அந்த எண் என்ன என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அதைச் சொல்லாத வரைபடத்தை நம்பி யாரும் கையெழுத்துப் போடக்கூடாது என்பது என் கட்சி.

நான் முப்பது வருடத்துக்கு மேல் டிராயிங் ஆபீஸில் குப்பை கொட்டியவன். ஒரு பம்புக்குப் படம் போட்டால்கூட, தாளின் வலது மூலையில் ஒரு கட்டம் இருக்கும். அளவு விகிதம், தேதி, எத்தனையாவது திருத்தம், வரைந்தவர் யார், சரிபார்த்தவர் யார், அளவு எவ்வளவு விலகலாம் என்று அத்தனையும் அதில் எழுதியிருக்க வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பேட்டர்ன் ஷாப்பில் படத்தைக் கையால் தொடமாட்டார்கள். ஒரு பம்புக்கே இத்தனை ஒழுங்கு வைத்திருந்த ஊர் இது. ஒரு குடும்பத்தின் தோட்டத்தையே தீர்மானிக்கும் வரைபடத்துக்கு அந்த ஒழுங்கு வேண்டாமா?

ஓய்வு பெற்ற பிறகு பேரன் உதவியோடு 'கிராஸ்' என்ற மென்பொருளைப் பழகினேன். 1982-ல் அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவின் ஆய்வகம் ஒன்றில் தொடங்கியது. 1999 முதல் பொது உரிமத்தில் கிடைக்கிறது; காசு கிடையாது. மவுஸைப் பிடித்து வேலை செய்யவும் வழி உண்டு. ஆனால் அதன் உயிர் கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்யும் கட்டளைகளில் இருக்கிறது. அந்த வரிகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டால், அதே தகவலை வைத்துக்கொண்டு வேறொருவர் ஓட்டினாலும் அதே படம் வரும். எழுதி வைக்க மறந்தாலும் ஒரு வழி உண்டு. 'ஆர்.இன்போ' என்று கேட்டால், இந்தப் படம் எந்தக் கட்டளையால் உண்டானது என்று அதுவே சொல்லிவிடும். ஆகவே "எப்படி வந்தது என்று தெரியாது" என்று யாராவது சொன்னால், தெரிந்துகொள்ள அவர் விரும்பவில்லை என்றுதான் அர்த்தம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் குருடிமலையை எடுத்துக்கொள்வோம். அதன் அடிவாரத்தில்தான் கௌசிகா நதி பிறந்து, இடிகரை, கோவில்பாளையம் வழியாகப் போய் வஞ்சிபாளையம் பக்கம் நொய்யலில் சேருகிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினொரு நாட்கள் பூமியைச் சுற்றி ராடாரால் நில உயரங்களை அளந்தது. சுமார் 30 மீட்டருக்கு ஓர் உயரம் என்ற அந்தத் தகவல் இன்று யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இருக்கிறது. அதை 'ஆர்.வாட்டர்ஷெட்' என்ற கட்டளையிடம் கொடுத்தால், ஒவ்வொரு கட்டத்தில் விழும் மழையும் எந்தப் பக்கம் போகும் என்று கணக்குப் போட்டுத் தரும்.

ஆனால் அது நம்மிடம் ஓர் எண் கேட்கும். எத்தனை கட்டங்களின் தண்ணீர் ஒன்று சேர்ந்தால் அதை ஓடை என்று வரையட்டும் என்று கேட்கும். நூறு என்று கொடுத்தால், ஏறத்தாழ 22 ஏக்கர் நிலத்தின் தண்ணீர் சேரும் இடத்திலிருந்து நீலக் கோடு தொடங்கும். ஆயிரம் என்று கொடுத்தால், 222 ஏக்கர் தண்ணீர் சேர்ந்தால்தான் கோடு விழும். மலையும் அதேதான், மென்பொருளும் அதேதான். ஒரே ஒரு சைபர் கூடியதில், அடிவாரத்திலிருந்து இறங்கும் சின்னப் பள்ளங்கள் எல்லாம் படத்திலிருந்து காணாமல் போய்விடும்.

நம் பக்கம் ஓடைக்குப் பள்ளம் என்றுதான் பேர். வருடத்தில் பத்து நாள் தண்ணீர் வந்தாலும் அது பள்ளம்தான். ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, "எங்க தோட்டத்துப் பள்ளம் இதுல எங்கீங்க?" என்று கேட்டார். படம் கொண்டு வந்தவர், "சாப்ட்வேர்ல வரலீங்க, அப்படின்னா அங்க பள்ளம் இல்லீங்க" என்றார். பெரியவர் உட்கார்ந்துவிட்டார். எழுபது வருடம் அந்தத் தண்ணீரைத் தாண்டி நடந்தவரின் வாயை ஓர் எண் அடைத்துவிட்டது. அது என்ன எண் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. இப்படி இல்லாமல் போகும் பள்ளம்தான் அடுத்த வருடம் மனையாகிறது. அதற்கடுத்த மழையில் தண்ணீர் பழைய வழியைத் தேடி வரும்போது, கடன் வாங்கி வீடு கட்டியவன் கட்டிலின் மேல் ஏறி நிற்கிறான்.

"கூகுள் மேப்பிலேயே எல்லாம் இருக்கே, இந்த வயதில் இது எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அது வண்டி ஓட்டுகிறவருக்கு வழி காட்டும். அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. காய்ந்து கிடக்கும் பள்ளமும், கிளுவை வேலிக்கு நடுவே போகும் இட்டேரியும் அதற்கு எதற்கு? அவை நமக்குத்தான் வேண்டும்.

"கட்டளை தட்டுவது கஷ்டம்" என்பதும் உண்மைதான். எல்லோரும் தட்ட வேண்டியதில்லை. சமையல் தெரியாதவரும் சாம்பாரில் என்ன போட்டீர்கள் என்று கேட்கலாம் அல்லவா? வரைந்தவர் எதில் வேண்டுமானாலும் வரையட்டும், செய்முறையைக் காட்டட்டும்.

கணினியின் கணக்கு வேதம் என்றும் நான் சொல்ல வரவில்லை. ராடார் மரத்தின் தலையையும் அளந்துவிடும் என்பதால் அடர்ந்த தென்னந்தோப்பு மேடு போலத் தெரியலாம். கோவில்பாளையம் பக்கம் போன்ற சமவெளியில் தண்ணீரின் திசை தப்பிப் போகலாம். பழைய சர்வே வரைபடத்தின் ஆயங்களை மாற்றாமல் அப்படியே இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தால், நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். அது பக்கத்துத் தோட்டக்காரர் நிலம். செய்முறை எழுதியிருந்தால்தான் இந்தப் பிழைகளைக் கண்டுபிடிக்க முடியும். வெறும் படத்தில் பிழை எங்கே என்று யார் தேடுவது?

இது புதுப் பழக்கமும் அல்ல. 1802 ஏப்ரலில் லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்தபோது, எஃகுச் சங்கிலி வெயிலில் நீளும் என்று வெப்பமானி வைத்துத் திருத்தம் செய்தார். இருநூறு வருடத்துக்கு முன் சங்கிலியின் சூட்டைக்கூடக் குறித்து வைத்த நாட்டில், இன்று ஓர் எண்ணைக் குறித்து வைக்க முடியாதா?

நம் காலத்திலும் நல்ல உதாரணம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை பற்றி மாதவ் காட்கில் குழு 2011-ல் அறிக்கை கொடுத்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகப் போராடிய பிறகுதான், 2012 மே மாதம் அது மக்கள் கைக்கு வந்தது. அதன் முடிவுகளை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் மலையைச் சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்தோம், இன்னின்னவற்றைப் பார்த்து மதிப்பெண் போட்டோம் என்று எழுதியிருந்தார்கள். அதனால்தான், "அவ்வளவு பெரிய கட்டத்தில் மலை உச்சியும் சமவெளித் தோட்டமும் ஒன்றாகிவிடுமே" என்று எதிர்த்துக் கேட்க முடிந்தது.

2024 ஏப்ரலில் தமிழ்நாட்டின் யானை வழித்தடங்கள் பற்றிய வரைவு அறிக்கை வந்தது. 42 வழித்தடங்கள். அறிக்கை ஆங்கிலத்தில், கருத்துச் சொல்லக் கொடுத்தது சில நாட்கள். யானைக்கு வழி விடத்தான் வேண்டும். பெரியநாயக்கன்பாளையம் வனச்சரகத்தின் ஓரத்தில் வாழும் நமக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கோடு ஏன் இந்தத் தோட்டத்தில் போகிறது, அந்தப் பக்கத்து வளாகத்தில் ஏன் போகவில்லை என்று கேட்கும் விவசாயிக்குத் தமிழில் பதில் வேண்டும்.

மத்திய அரசு 2021 பிப்ரவரி 15 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல், பொதுப்பணத்தில் உண்டான நிலவியல் தகவல்கள், பாதுகாப்பு சார்ந்தவை தவிர, எளிதில் கிடைக்க வேண்டும் என்கிறது. ஆகவே நாம் சலுகை கேட்கவில்லை.

பொதுமக்கள் முன் வைக்கும் ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் நான்கு விஷயங்கள் தமிழில் இருக்க வேண்டும். எந்தத் தகவல், எந்தத் தேதியுடையது? எந்த ஆய முறை? என்னென்ன கட்டளைகள், அவற்றில் போட்ட எண்கள் என்ன? நேரில் போய்ச் சரிபார்த்தவர் யார், எப்போது? அரைப் பக்கம் போதும்.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எந்தப் பள்ளத்துக்கு என்ன பேர், எந்த வருட மழையில் எதுவரை தண்ணீர் ஏறியது என்பது எந்த விண்கலத்துக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்ததைச் சர்வே எண்ணோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் "சாப்ட்வேர்ல வரலீங்க" என்று யாராவது சொன்னால் உட்காராதீர்கள். "எத்தனை கட்டம்னு போட்டீங்க, அதைச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நின்றுகொண்டே இருங்கள்.