பாட்டிலுக்கு ஏற்ற சிரிஞ்சு வேண்டும்: இன்சுலின் போட்டுக்கொள்வோரின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் ஒன்றிய சுகாதார அமைச்சகத்துக்கும், தினமும் வீட்டில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் நாங்களும் எங்கள் குடும்பத்தாரும் வைக்கும் கோரிக்கைகள் இவை.

நம் நாட்டில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் புழங்குகிறது. அரசு மருத்துவமனைப் பாட்டிலில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜிலும் சில வகைப் பாட்டில்களிலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. விடியற்காலை விளக்கொளியில் இவ்விரு நிறத்தையும் பிரித்தறிவது வயதானவர்களுக்கு எளிதல்ல.

மாறிப்போனால் என்ன ஆகும்? டாக்டர் எழுதியது 20 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 40 பாட்டிலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது. வாயைக் கட்டவில்லை என்று நோயாளிதான் திட்டு வாங்குவார், டோஸும் கூட்டப்படும். பிறகு ஒருநாள் சரியான சிரிஞ்சு கைக்கு வந்தால், கூட்டிய டோஸ் அப்படியே உள்ளே போகும். தலைகீழாக மாறினால் ஆபத்து உடனடி: 100 பாட்டிலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு என்றால் அரை மில்லி, அதாவது 50 யூனிட். வியர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பி, உயிரே போகலாம். இதை நோயாளியின் கவனக்குறைவு என்று எழுதி மூடுவதை நாங்கள் ஏற்கவில்லை.

1. நாடு முழுவதும் ஒரே செறிவு வர வேண்டும். பிரிட்டன் 1983-இலேயே 100 யூனிட்டுக்கு மாறியது. ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் அதுவே புதுக் குழப்பம். தேதி அறிவித்து, பழைய பாட்டிலையும் பழைய சிரிஞ்சையும் சேர்த்தே திரும்பப் பெற வேண்டும். மாற்றத்தைச் சாக்காக வைத்து ஒரு யூனிட்டின் விலை ஒரு பைசாகூட ஏறக் கூடாது.

2. அதுவரை, பாட்டிலைக் கொடுக்கும் கையே அதற்குரிய சிரிஞ்சையும் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இரண்டையும் சேர்த்தே கொள்முதல் செய்யட்டும். மருந்துக்கடையில் "இன்சுலின் சிரிஞ்சு" என்று கேட்டால், "உங்க பாட்டில் நாற்பதா, நூறா?" என்று திருப்பிக் கேட்காமல் எடுத்துக் கொடுக்கக் கூடாது. இன்சுலின் சிரிஞ்சு இல்லையென்று சாதாரண 2 மில்லி சிரிஞ்சைத் தருவதை அறவே நிறுத்த வேண்டும். அதில் ஒரு சிறு கோடு 0.1 மில்லி, 40 பாட்டிலுக்கு அது 4 யூனிட்.

3. சிரிஞ்சின் அளவு டோஸுக்குப் பொருந்த வேண்டும். இது எங்களுக்கு மிக முக்கியம். 100-க்கு உரிய 1 மில்லி சிரிஞ்சில் பொதுவாக ஒரு கோட்டுக்கு 2 யூனிட். 7 யூனிட் போட வேண்டியவர் இரண்டு கோட்டுக்கு நடுவே கண்ணால் மதிப்பிடுகிறார். அரை மில்லி சிரிஞ்சில் ஒரு கோட்டுக்கு ஒரு யூனிட். 0.3 மில்லியில் அரை யூனிட் கோடு போட்டதும் உண்டு. முதல் வகை நீரிழிவுள்ள சின்னக் குழந்தைகளுக்கு அரை யூனிட்டே பெரிய வித்தியாசம். மூன்று அளவுகளும் அரசு மருத்துவமனையில் இருக்க வேண்டும். நீரிழிவு கண்ணைப் பாதிக்கும் நோய். பார்வை மங்கியவரிடமே முடியளவு மெல்லிய கோட்டைப் படிக்கச் சொல்வது கொடுமை. அவர்களுக்குப் பேனாவோ, சிரிஞ்சில் மாட்டும் பூதக்கண்ணாடியோ இலவசமாகக் கொடுங்கள். சிரிஞ்சுகள் போதிய எண்ணிக்கையிலும் வேண்டும். ஒன்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் ஊசி மழுங்குகிறது, கோடும் அழிந்துபோகிறது.

4. சீட்டில் "யூனிட்" என்று முழுதாக எழுத வேண்டும். ஒற்றை ஆங்கில எழுத்தாகச் சுருக்கினால் அது பூஜ்யம் போலத் தெரிந்து 10 என்பது 100 ஆகிவிடும். பாட்டிலின் செறிவும் மூடியின் நிறமும் அதே வரியில் இருக்கட்டும்.

5. முதல் ஊசிக்கு முன் செவிலியர் சொல்லிக்கொடுத்து, நோயாளியையோ வீட்டில் ஊசி போடுபவரையோ இழுத்துக்காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். கறுப்பு ரப்பரில் ஊசிப் பக்கம் இருக்கும் விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறதோ, அதுதான் அளவு; பின் விளிம்பைப் பார்த்துப் படிப்பவர்கள் பலர். காற்றுக்குமிழி இருந்தால் அத்தனை மருந்து குறைகிறது. இதைத் தமிழில் படத்தோடு அச்சிட்டுப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். 2021 ஆகஸ்டு முதல் வீடு தேடி வரும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டப் பணியாளர்கள், மாத்திரை கொடுப்பதோடு பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கட்டும்.

6. லோ சுகர் என்று கொண்டுவரப்படும் ஒவ்வொருவரிடமும் எந்தப் பாட்டில், எந்த சிரிஞ்சு என்று கேட்டு கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். மாறிப்போனது தெரிந்தால், 2015 முதல் நடக்கும் மருத்துவக் கருவிகள் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குங்கள். தமிழ்நாட்டின் கணக்கை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வையுங்கள்.