வீடு கட்டப் போகிறீர்களா?



நம் சமுதாயத்தில் ஒரு மனிதர் தம் வாழ்நாள் உழைப்பையெல்லாம் கொட்டிச் செய்கின்ற காரியங்கள் இரண்டு. ஒன்று, பெண் மக்களின் திருமணம், மற்றொன்று, வீடு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் இவ்விரண்டும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அவ்வீட்டிற்கு வரவழைத்துக் கொள்ளும் வழக்கம் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. அவ்வழக்கம் தகப்பன்மாரின் முதுகை எவ்வளவு வளைத்துவிடுகிறது என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள். அவ்வளவு பாடுபட்டுக் கட்டப்படும் வீடு எவ்வளவு குறைந்த யோசனையுடன் கட்டப்படுகிறது என்பதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

வீட்டுக்கு உடையவர் ரியாத்திலோ துபாயிலோ இருக்கிறார். மேற்பார்வை மச்சானுடையது. இஞ்ஜினீயர் அனுப்பிய வரைபடம் கைப்பேசியில் கடல் கடந்து சென்று, ஒரே இரவில் சம்மதம் பெற்றுத் திரும்புகிறது. வீட்டின் முகப்புக்கு மட்டும் பத்துப் படங்கள் பார்க்கப்படுகின்றன. நாளெல்லாம் அவ்வீட்டிற்குள் இருக்கப் போகின்ற மனைவியிடமும் உம்மாவிடமும் கேட்கப்படுகின்ற ஒரே கேள்வி, சுவருக்கு என்ன வண்ணம் பூசலாம் என்பதுதான்!

நம் முன்னோர் இவ்வாறு செய்யவில்லை. காயல்பட்டினத்தின் பழைய தெருக்களில், வீடுகளின் பின்புறமாகச் செல்லும் குறுகிய சந்துகளை இன்றும் காணலாம். முடுக்கு என்பது அவற்றின் பெயர். பெண்கள் தெருவுக்கு வராமலேயே உற்றார் வீடுகளுக்குச் சென்றுவர அமைந்த வழிகள் அவை. வீட்டின் நடுவே வானம் தெரியும் முற்றம் ஒன்றும் இருக்கும். பகலில் வெயிலும் இரவில் குளிர்ந்த காற்றும் அதன் வழியே இறங்கும். கோஷா காக்கும் பெண்களுக்கு அம்முற்றமே வெளியுலகம். பிள்ளை பெற்றவள் இளவெயிலில் அமர்வதும், வற்றல் காய்வதும், பேரப்பிள்ளைகள் ஓடுவதும் அங்கேதான்.

இன்று முற்றத்தின் மேல் கான்கிரீட் வந்துவிட்டது. முப்பதுக்கு அறுபது அடி மனை என்பது 1800 சதுர அடி. அதில் பத்தடிச் சதுரமாக ஒரு முற்றம் விட்டால் 100 சதுர அடிதான் போகும். 'வீணாகப் போகிறதே' என்று அதையும் மூடிவிட்டு, பட்டப்பகலில் விளக்கெரியும் கூடத்தில் பெண்களை உட்கார வைத்து விடுகிறோம். அண்டை வீட்டு மாடிக்குப் பயந்து சன்னல்களும் திறக்கப்படுவதில்லை. மறைவும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும் என்றால் இரண்டையும் சேர்த்துத் தருவது முற்றம் ஒன்றே. எகிப்து நாட்டுக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹீ (1900–1989), லக்ஸருக்கு அருகில் புதிய குர்னா என்னும் கிராமத்தை 1940களில் எழுப்பியபோது, களிமண் செங்கல்லால் கட்டிய ஏழைகளின் வீடுகளுக்கும் முற்றம் வைத்தார். செல்வந்தர்களின் ஆடம்பரமாக அதை அவர் கருதவில்லை.

தலைவாசலைப் பாருங்கள். பிறர் இல்லத்தில் அனுமதி கேட்டு, ஸலாம் கூறிய பின்னரே நுழைய வேண்டும் என்பது திருமறையின் 24ஆம் அத்தியாயத்தில் உள்ள கட்டளை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வீட்டிற்குச் சென்றால் வாசலுக்கு நேரெதிரே நிற்காமல், வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நிற்பார்கள் என்று ஹதீஸில் காண்கிறோம். நம் புதிய வீடுகளிலோ கதவைத் திறந்தால் கூடம், கூடத்தைக் கடந்தால் அடுப்படி என அனைத்தும் ஒரே நேர்கோட்டில்! தபால்காரர் வாசலில் நின்றபடியே அடுப்படியில் என்ன கொதிக்கிறது என்று பார்த்துவிடலாம். வாசலுக்கு உள்ளே நாலடித் தள்ளி ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, வழியைச் சற்றே திருப்பிவிட்டால் போதும். திரைச்சீலைக்கு அவசியமே இராது.

பத்து வயதாகும் பிள்ளைகளின் படுக்கைகளைப் பிரித்துவிட வேண்டும் என்பதும் நபிமொழி. மணமக்களுக்கென்று குளிர்சாதன அறை அமைப்பவர்கள், வளர்ந்த பையன் எங்கே உறங்குவான் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அவன் கூடத்தில் பாய் விரிக்கிறான்; அவன் அக்கா, இரவில் தண்ணீர் குடிக்கவும் அவனைத் தாண்டித்தான் செல்ல வேண்டியிருக்கிறது.

அடுப்படி பற்றி ஒரு வார்த்தை. நம்மவர்களிலும் சிலர் இரகசியமாக வாஸ்து கேட்கிறார்கள். அது தென்கிழக்கு மூலையைச் சொல்கிறதாம்! நானும் அடுப்படியைக் கிழக்குப் பக்கம் வைக்கவே சொல்வேன். ஆனால் எனக்குச் சொன்னது கச்சான் காற்று. கோடை மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் அக்காற்று, அடுப்படி மேற்கே இருந்தால் புகையையும் தாளித்த நெடியையும் வீடு முழுதும் கொண்டு சேர்க்கும். கிழக்கே இருந்தால் வெளியே தள்ளிவிடும். தவிரவும், பிற்பகல் வெயில் மேற்குச் சுவரைத்தான் சுடும். ஏற்கெனவே அடுப்பின் முன் நிற்பவளுக்கு அந்தச் சூடும் எதற்கு?

இனி மாடிப்படி. வாசகர்கள் இதைச் சிறு விஷயமாகக் கருதலாம். நான் அவ்வாறு கருதவில்லை. கூடத்தின் நடுவே வளைந்து ஏறும் படி பார்வைக்கு அழகு. ஆனால் நாளை இளைய மகளுக்கு மாடியைக் கொடுக்கும்போது, அவளுடைய மாப்பிள்ளை மூத்தவளின் கூடத்தைக் கடந்துதான் மேலே செல்ல வேண்டும். தகப்பனார் மவுத்தானபின் பாகப்பிரிவினை வரும். தனிவழியும் தனி அடுப்படியும் இல்லாத வீட்டை எப்படிப் பிரிப்பது? விற்றுப் பங்கிட வேண்டும், அல்லது பேச்சுவார்த்தை நிற்க வேண்டும். வெளிப்புறமாகப் படி வைத்த வீடுகளில் உடன்பிறந்தவர்கள் மேலும் கீழுமாக ஒற்றுமையாக வாழ்வதை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன்.

படியின் அளவும் முக்கியம். பத்தடி உயரத்தை 20 படிகளில் ஏறினால் ஒவ்வொன்றும் 6 அங்குலம். இடத்தை மிச்சப்படுத்த 15 படிகளில் முடித்தால் 8 அங்குலம். இளைஞனுக்கு இரண்டும் ஒன்றே. முழங்கால் தேய்ந்த உம்மாவுக்கு ஒன்று படி, மற்றொன்று சுவர்.

எங்கள் மஹல்லாவில் ஒரு மூதாட்டி மேல்மாடி அறையில் வஃபாத்தானார். கீழ்த்தளம் கடைக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தது. சந்தூக் படியின் வளைவில் திரும்பவில்லை. கடைசியில் மையித்தைப் போர்வையில் கிடத்தி, நான்கு பேர் முன்னும் பின்னுமாகப் பிடித்து இறக்கினார்கள். குளிப்பாட்டவும் இடமில்லை; கார் நிறுத்தும் இடத்தில், தெருவை ஒட்டித் துணி கட்டினார்கள். மகன்கள் மூவரும் தலைகுனிந்து நின்றார்கள். மூன்று குளியலறைகள் உள்ள வீடு அது!

ஆகவே வரைபடம் கைக்கு வந்ததும் இதைக் கேளுங்கள்: தரைத்தளத்தில் முதியவர்களுக்கு ஓர் அறை உண்டா? அதன் கதவு மூன்றரை அடியேனும் அகலம் உள்ளதா? அவ்வறையிலிருந்து தெருவரை ஒரு கட்டிலை நேராகத் தூக்கிச் செல்ல இயலுமா? மறைவாக நீர் ஊற்றிக் கழுவி விடக்கூடிய, வாட்டம் உள்ள ஓர் இடம் பின்கட்டில் உண்டா? மற்ற நாட்களில் அது துணி துவைக்க உதவட்டும். ஒளுச் செய்யும் இடத்தில் வழுவழுப்பான டைல்ஸ் வேண்டாம். உட்கார ஒரு திண்டும், பிடித்து எழ ஒரு கம்பியும் வையுங்கள்.

கட்டுமானம் பற்றி அதிகம் எழுத நான் பொறியாளன் அல்லன். கடல் மணலைக் கலக்க விடாதீர்கள். அதன் உப்பு கம்பியைத் தின்றுவிடும். கிணறும் கழிவுநீர்த் தொட்டியும் எதிரெதிர் மூலைகளில் இருக்கட்டும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் கட்டாயம். அதைப் பெயருக்குச் செய்யாமல் கிணற்றுக்குள் இறங்கும்படி செய்யுங்கள்.

கழிப்பறையில் கிப்லாவை முன்னோக்கியோ பின்னோக்கியோ அமர நேரும்படி வைக்கக் கூடாது. நான்கு சுவருக்குள் இருந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் சலுகை உண்டு. ஹனஃபி மத்ஹபில் அதுவும் இல்லை. பீங்கானைப் பதித்தபின் பெயர்ப்பதைவிட, முதலிலேயே வடக்குத் தெற்காக வைத்துவிடுவது நல்லது. தொழுகை அறைக்கும் இதே கவனம் தேவை. கிப்லா நேர் மேற்கு அன்று. சென்னையில் அது மேற்கிலிருந்து சுமார் 18 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. காயல்பட்டினத்தில் சுமார் 23 பாகைக்கும் மேல்.

திசைகாட்டி இல்லாதவர்களுக்கும் எளிய வழி உண்டு. ஆண்டுதோறும் மே 28 அன்று நம் நேரப்படி பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 16 அன்று 2.57 மணிக்கும் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே வருகிறது. அந்நேரம் மனையில் ஒரு கம்பை நேராக நட்டு, நிழலின் நுனியிலிருந்து கம்பின் அடியை நோக்கிக் கயிறு பிடித்தால் கயிறு காட்டும் திசையே கிப்லா. கடைக்கால் தோண்டுமுன் அக்கோட்டில் இரண்டு முளைகளை அடித்து, கொத்தனாரிடம் காட்டிவிடுங்கள்.