எதிரியின் காதுக்கு மட்டுமா அமைதி?

மாணவ நண்பர்களே, தென்னேரி ஏரியின் மேல் பருந்து சிறகடிக்காமல் வட்டமிடும்போது ஓசை ஏதும் கேட்பதில்லை. இன்ஜின் இல்லாத கிளைடர் விமானமும் ஏறக்குறைய அப்படித்தான். நீண்ட இறக்கைகள் அதைக் குறைந்த வேகத்திலும் தாங்குகின்றன.

வியட்நாம் போரில் அமெரிக்க இராணுவம் இந்தப் பண்பைப் பயன்படுத்திக்கொண்டது. ஸ்வைஸர் கிளைடரிலிருந்து லாக்ஹீட் நிறுவனம் உருவாக்கிய ஒய்.ஓ.-3ஏ என்னும் வேவு விமானம் 1970-இல் அங்கே சென்றது. காற்றின் தடை குறைவு. ஆதலால் சிறிய இன்ஜினே போதுமானது. புகைக்குழாயில் ஓசையடக்கி பொருத்தினார்கள். பெரிய விசிறியை மெதுவாகச் சுழலவிட்டார்கள். விசிறி முனையின் வேகம் குறைந்தால் இரைச்சல் வெகுவாகக் குறையும் என்பது இயற்பியல். இரவில் தாழப் பறந்தும் அது தரையிலிருந்தோர் கவனத்தில் படவில்லை.

போர் முடிந்தபின், 1978-இல் நாசா இத்தகைய விமானம் ஒன்றைப் பெற்று, ஹெலிகாப்டர்களின் இரைச்சலை வானிலேயே அளந்தது. ஓசையற்ற விமானமே ஓசையை அளக்கத் தகுந்த கருவி அன்றோ!

அமைதிக்கு விலை உண்டு. அந்த விமானம் வேகமாகப் பறக்காது. ஆயினும், எதிரியின் காதுக்காக இவ்வளவு பாடுபட்ட பொறியியல் நம் காதுக்காகவும் பாடுபட வேண்டும் என்பதே என் கருத்து. இன்று ஊர்களின் மேல் டிரோன்கள் பறக்கின்றன. அவை எவ்வளவு எடை தூக்கும், எவ்வளவு தூரம் பறக்கும் என்று கேட்கிறோம். எவ்வளவு இரையும் என்பதையும் கேளுங்கள். நாளை அவற்றை வடிவமைக்கப் போகிறவர்கள் நீங்கள்தாமே!