பெரியாற்று நீரும் பரணித் தேறலும்: கொச்சியின் வீட்டு ஒயினைச் சுவைத்தறிதல் குறித்து

மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் பெரியாறு, ஆலுவாவைக் கடந்து கொச்சியின் வடபுறத்தில் கடலை அடைகிறது. 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டப்பட்ட பின் அந்த ஆற்றின் ஒரு பகுதி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பித் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கை வளப்படுத்துகிறது. அங்கே விளையும் பன்னீர்த் திராட்சை லாரிகளில் ஏறி மீண்டும் மேற்கே வருகிறது. நவம்பர் பிறந்ததும் இடப்பள்ளி முதல் மட்டாஞ்சேரி வரை எண்ணற்ற வீடுகளின் பீங்கான் பரணிகளில் அது சர்க்கரையோடும் கோதுமையோடும் கிராம்பு, பட்டையோடும் நொதிக்கத் தொடங்குகிறது. மேற்கே பாய வேண்டிய நீர் கிழக்கே போய்ப் பழமாகித் திரும்பி வந்து கிறிஸ்துமஸ் தேறலாகிறது.

இந்த வீட்டு ஒயினைப் பற்றி, ஒயின் அறிந்தோர் என்று கருதப்படுவோரிடையே ஒரு தீர்ப்பு நிலவுகிறது: அது ஒயினே அன்று, இனிப்பூட்டிய பழச்சாறு. உணவோடு பொருத்திச் சுவைத்துப் பார்க்கும் தகுதி அதற்கு இல்லை என்பதும் அத்தீர்ப்பில் அடங்கும். இத்தீர்ப்பு மறு ஆய்வுக்கு உரியது. வீட்டு ஒயின் குறையற்றது என்பதற்காக அன்று. அதன் குறைகள் எவை, அவை எங்கிருந்து வருகின்றன என்பதைத் தேடிச் சென்றால் கொச்சியின் உணவு மேசையிலிருந்து கம்பத்தின் தோட்டம் வரைக்கும், அங்கிருந்து சட்டப் புத்தகம் வரைக்கும் அந்த வழி நீள்கிறது என்பதற்காக.

முதலில் வரலாறு. பெரியாற்று முகத்துவாரத்துக்கும் திராட்சைத் தேறலுக்கும் உள்ள உறவு ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. முசிறிக்கு யவனர் கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடல் தருகிறது. யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பாண்டிய மன்னன் அருந்தியதைப் புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் குறிப்பிடுகிறார். முசிறியோடு தொடர்புபடுத்தப்படும் பட்டணத்தில் 2007 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில், மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து ஒயினும் எண்ணெயும் ஏற்றி வந்த ஆம்போரா சாடிகளின் ஓடுகள் பெருமளவில் கிடைத்தன.

ஆனால் இறக்குமதி மட்டுமே இக்கடற்கரையின் கதை அன்று. மலபாரின் ஈரக் காற்றில் திராட்சைக் கொடி செழிப்பதில்லை. ஆயினும் இங்கு வாழ்ந்த இரு சமூகங்களுக்குச் சடங்கின் பொருட்டுத் திராட்சைத் தேறல் கட்டாயத் தேவையாயிற்று. கொச்சி யூதர்கள் உலர்திராட்சையை ஊறவைத்துத் தம் வீடுகளிலேயே கித்தூஷ் சடங்குக்கான ஒயினை வடித்தனர். உலர்திராட்சைத் தேறல் அச்சடங்குக்கு ஏற்றது என்பதை யூத மரபுச் சட்டமும் ஒப்புகிறது. தோமா கிறிஸ்தவர்களும் திருப்பலிக்கு உலர்திராட்சைச் சாற்றையே பயன்படுத்தியதாக 16ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. 1568இல் எழுந்த மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெப ஆலயத்தைக் காணச் செல்வோர் அதன் தரை ஓடுகளை வியந்து திரும்புகின்றனர். அதைச் சூழ்ந்திருந்த வீடுகளில் நொதித்த பரணிகளைப் பற்றி எவரும் கேட்பதில்லை. தோட்டம் இல்லாத ஊரில் குடும்பமே ஒயின் ஆலையாக விளங்கிய மரபு அது. இன்றைய கிறிஸ்துமஸ் பரணியை அம்மரபின் அருகில் வைத்துப் பார்ப்பது பிழையாகாது.

அடுத்தது சுவை. ஒயினைச் சுவைத்தறியும் கலை ஐரோப்பிய மொழிகளுக்கே உரியது என்னும் மயக்கம் பரவலாக உள்ளது. தமிழ் மரபு சுவையை ஆறாகப் பகுக்கிறது. அவற்றுள் துவர்ப்பு தனிச் சுவையாகவே எண்ணப்படுகிறது. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் நாவில் ஏற்படுத்தும் இறுக்கத்தைச் சுட்ட, பாக்கும் நெல்லிக்காயும் பழகிய நாவுக்குப் புதிய பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. ‘தேறல்’ என்னும் சொல்லே தெளிவு என்னும் பொருளைத் தன்னுள் கொண்டது. கம்பத்து உழவர்களின் பேச்சு வழக்கிலும் ஒரு சுவைக் குறிப்பு இருக்கிறது. மஸ்கட் ஹாம்பர்க் என்று தாவரவியலார் அழைக்கும் ரகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் பன்னீர். ரோஜாவின் மணத்துக்குக் காரணமான ஜெரானியால் போன்ற சேர்மங்கள் மஸ்கட் இனங்களில் மிகுந்துள்ளன என்று வேதியியல் பின்னாளில் சொன்னதை, அப்பெயர் ஒரே சொல்லில் சொல்லிவிட்டது.

இத்தகைய சொல்வளத்தோடு வீட்டு ஒயினைக் கொச்சியின் உணவோடு வைத்துப் பார்க்கலாம். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹாலும் துவர்ப்பும் கூட்டும், இனிப்பு தணிக்கும். எனவே மிளகும் தேங்காய்த் துண்டும் சேர்த்து உலர வறுத்த மாட்டிறைச்சிக்கும் தாறாவு வறுவலுக்கும், துவர்ப்பு மிகுந்த விலையுயர்ந்த சிவப்பு ஒயினைவிடப் பரணியிலிருந்து வடித்த இனிப்புத் தேறல் ஒத்துப்போகிறது. இனிப்புப் பண்டத்தோடு அருந்தும் ஒயின் பண்டத்தைவிட இனிப்பாக இருத்தல் வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதி. கருக்கிய சர்க்கரை சேர்ந்த வீட்டு ஒயினும் அதே கருக்கிய சர்க்கரையால் நிறம் பெற்ற பிளம் கேக்கும் ஒன்றையொன்று தேடிக்கொண்டதில் வியப்பில்லை.

எல்லா உணவுக்கும் அது பொருந்தும் என்று சொன்னால் அது பக்தியாகுமேயன்றி ஆய்வாகாது. குடம்புளி இட்ட மீன்குழம்பின் முன் வீட்டு ஒயின் தோற்கிறது. உணவின் புளிப்புக்கு ஒயினின் புளிப்பு ஈடுகொடுக்காவிட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். கடல் உணவோடு சிவப்பு ஒயின் சேரும்போது தோன்றும் மீன்வாடைக்கு ஒயினில் உள்ள இரும்புச் சத்தே முதன்மைக் காரணம் என்று 2009இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்று காட்டியது. தேங்காய்ப்பாலில் மெல்ல வெந்த மீன் மோலிக்கும் இந்த இனிப்பு சுமையே. அதன் கொழுப்பை அறுக்கத் தெளிந்த புளிப்பும் குறைந்த இனிப்பும் வேண்டும். கொச்சியின் மேசையில் மீனே முதன்மை உணவு என்பதால் இது சிறிய குறை அன்று.

பன்னீர்த் திராட்சையிலிருந்து புளிப்புள்ள, இனிப்புக் குறைந்த, பன்னீர் மணம் மட்டும் நிற்கும் தேறலை வடிக்க இயலாதா? கொள்கையளவில் இயலும். பழத்தைச் சற்று முன்னதாகப் பறிக்க வேண்டும். கொடியின் விளைச்சல் சுமையைக் குறைக்க வேண்டும். தோலோடு ஊறும் நாள்களைச் சுருக்க வேண்டும். இவற்றுள் கடைசி ஒன்று மட்டுமே பரணி வைத்திருப்பவரின் கையில் உள்ளது. மற்றவை தோட்டத்தில் தீர்மானிக்கப்படுகின்றன. தோட்டக்காரரோ தம் பழம் யாருடைய பரணியில் விழுகிறது என்று அறியாதவர். அறிந்தாலும் அதனால் அவருக்குப் பயனில்லை. கொச்சியின் உணவு மேசையில் எழும் கேள்விக்கான விடை இவ்வாறு கம்பத்துக்குப் போய்விடுகிறது.

கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதனைக் கொண்டுவந்தார் என்பது அப்போது பரவலாக எழுதப்பட்ட வரலாறு. மஸ்கட் ஹாம்பர்க் என்னும் கலப்பினம் இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் அறிமுகமாயிற்று என்பதால், அந்த ஆண்டு இந்த ரகத்துக்கு உரியதா, முன்னர் வந்த வேறொரு திராட்சைக்கு உரியதா என்பதை வரலாற்று மாணவர் எவரேனும் ஆராயலாம். இன்றைய உழவரை நெருக்கும் கேள்வி வேறு. குளிர்காலத்தில் கொடி உறங்கும் ஐரோப்பிய நிலம் அன்று இது. ஈராண்டில் ஐந்து அறுவடை காணும் நிலம். கொடிக்கு ஓய்வில்லை, அடிச்சாம்பல், சாம்பல் ஆகிய பூஞ்சை நோய்களுக்கும் ஓய்வில்லை. மேசைத் திராட்சைக்குச் சந்தை கொடுக்கும் விலை பழத்தின் தோற்றத்துக்கானது என்பதால், ஒரு புள்ளி விழுந்தாலும் குலை மதிப்பிழக்கும். மருந்துத் தெளிப்பு பழக்கமாகிப் போனதற்கு உழவரின் பேராசையைக் காரணம் காட்டுவது அறியாமை.

இயற்கை ஒயின் என்பதற்கு இரு பாதிகள் உண்டு: தோட்டம் ஒன்று, ஆலை மற்றொன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2012 வரை ‘இயற்கைத் திராட்சையிலிருந்து செய்த ஒயின்’ என்று மட்டுமே அச்சிட அனுமதித்தது. அதன் பின்னரே ஆலைக்கும் விதி வகுத்து, இனிப்பற்ற சிவப்பு ஒயினில் சல்பைட்டின் அளவை லிட்டருக்கு 100 மில்லிகிராமாகவும் வெள்ளை ஒயினில் 150 மில்லிகிராமாகவும் வரையறுத்தது. இந்த அளவுகோலைக் கொச்சியின் பரணிக்கு வைத்தால் ஒரு முரண் தெரிகிறது. சல்பைட் சேர்க்கும் வழக்கம் வீட்டுப் பரணிக்குப் பொதுவாக இல்லை. ஆலைப் பாதியில் அது தேறிவிடுகிறது. தோட்டப் பாதியில்தான் தவறுகிறது. திராட்சை தோலோடு நொதிப்பதால், தோலில் படிந்தது எதுவோ அதுவும் பரணிக்குள் இறங்குகிறது. உப்பு நீரில் கழுவிவிட்டால் போதும் என்று நம்பும் இல்லங்கள் தமக்குத் தாமே ஆறுதல் சொல்லிக்கொள்கின்றன.

இந்தியாவில் இயற்கை வேளாண் சான்றுக்கான தேசியத் திட்டம் 2001இல் நடைமுறைக்கு வந்தது. திராட்சை போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு மாறுதல் காலம் மூன்றாண்டு. அந்த மூன்றாண்டுகளில் விளைச்சல் குறையும். சான்று இல்லாததால் விலையும் ஏறாது. இழப்பை ஏற்கப்போவது யார்? மேசைத் திராட்சைச் சந்தை ஏற்காது. தோற்றத்தில் குறைபட்ட பழத்தையும் வாங்கிக்கொள்ளும் ஒரே இடம் ஒயின் பரணி. புள்ளி விழுந்த தோல் தேறலின் நிறத்தைக் கெடுப்பதில்லை. அழுகாத பழமாக இருந்தால் போதும். ஆகவே இயற்கை வேளாண்மைக்கு மாற விரும்பும் குடும்பத் தோட்டத்துக்கு ஒயின் ஆடம்பரம் அன்று. அதுவே மாறுதலுக்கான பொருளியல் அடிப்படை.

இவ்விடத்தில்தான் சட்டம் குறுக்கிடுகிறது. கொல்லம் ஆண்டு 1077இன் அப்காரிச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது கடும் தண்டனைக்குரிய குற்றம். 2019 கிறிஸ்துமஸுக்கு முன் கேரள ஆயத்தீர்வைத் துறை வீட்டு ஒயினையும் சுட்டி எச்சரித்தபோது, ஒரு பண்டிகை வழக்கம் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பது வெளிப்பட்டது. 2022இல் கேரள அரசு சிறு ஒயின் ஆலைகளுக்கான விதிகளை வகுத்தது. வாழைப்பழம், பலா, முந்திரிப்பழம் முதலியவற்றுக்கு வழி திறந்த நல்ல முயற்சி அது. ஆனால் அவ்விதிகள் கேரளத்தில் விளையும் பொருள்களை முன்வைத்தே எழுதப்பட்டவை. கேரள இல்லங்கள் மிகுதியாக நொதிக்க வைக்கும் பழமோ கம்பத்திலிருந்து வருகிறது. மலைக்கு அப்பால் தமிழ்நாட்டில் மதுக்கடை விற்பனை 2003 முதல் அரசு நிறுவனத்தின் கையில் உள்ளது. தன் தோட்டத்து வாசலில் விருந்தினருக்கு ஒரு கிண்ணம் ஊற்றி விற்கும் வழி சிறு உழவருக்கு இல்லை. மகாராஷ்டிரம் 2001இலும் கர்நாடகம் 2007இலும் தனி ஒயின் கொள்கை வகுத்து, தோட்டமும் ஆலையும் சுவைக்கூடமும் ஓரிடத்தில் அமைய வழிசெய்தன. நீரைப் பகிர்ந்துகொள்ள 19ஆம் நூற்றாண்டிலேயே ஒப்பந்தம் கண்ட இரு நிலங்களுக்கு, அந்த நீர் விளைவித்த பழத்தின் பயனைப் பகிர்ந்துகொள்ள இன்றுவரை ஓர் ஏற்பாடு இல்லை.

இதற்கு எதிராக எழும் வாதத்தில் வலு உண்டு. மது குடும்பங்களைச் சிதைத்திருக்கும் இரு மாநிலங்களில் இன்னொரு மதுவுக்கு வாசல் திறப்பது அறமா என்பது அவ்வாதம். ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் தெளிவுபடுத்தியதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்றைய ஏற்பாடு மதுவைத் தடுக்கவில்லை. யார் தயாரித்தார், எதிலிருந்து தயாரித்தார் என்னும் கேள்விகளுக்கு இடமில்லாத மதுவை அரசே விற்கிறது. அக்கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடிய மதுவை ஐயத்தோடு நோக்குகிறது. உணவோடு சேர்த்துச் சிறிதளவு அருந்திச் சுவையைப் பேசும் வழக்கம், நின்றபடி விழுங்கிவிட்டுப் போகும் வழக்கத்தைவிடத் தீங்கு குறைந்தது என்று கருதுவது பகுத்தறிவுக்கு ஒவ்வாததன்று.

செய்யத்தக்கவை அரியவை அல்ல. கம்பத்தில் சில குடும்பங்கள் ஒன்றிணைந்து, ஒருவர் தோட்டத்தை மற்றவர் சரிபார்க்கும் பங்கேற்புச் சான்று முறையில் மாறுதல் காலத்தைத் தொடங்கலாம். இரு மாநில அரசுகளும் அத்தகைய பழத்துக்குச் சிறு ஆலை உரிமத்தை நீட்டிக்கலாம். வேளாண் பல்கலைக்கழகங்கள் முன்னதாகப் பறித்த பன்னீர்த் திராட்சையை நொதிக்க வைத்து, குடம்புளிக் குழம்போடும் மோலியோடும் முறையாகச் சுவைத்துப் பதிவு செய்யலாம். சுவைச் சொல்லாட்சியைத் தமிழிலும் மலையாளத்திலும் தொகுப்பது மொழித்துறைகளின் பணி. மட்டாஞ்சேரி இல்லங்களின் உலர்திராட்சைத் தேறல் செய்முறைகளை, நினைவில் வைத்திருப்போர் வாழும் காலத்திலேயே எழுதி வைப்பது வரலாற்றுத் துறைகளின் கடமை. இதற்கு மட்டும் காலம் மிகக் குறைவு.

வீட்டு ஒயின் நல்ல ஒயினா என்னும் கேள்விக்கு இன்றைய நேர்மையான விடை, பாதி நல்லது என்பதே. மீதிப் பாதி அதை வடிக்கும் கைகளின் குறை அன்று. தோட்டத்தையும் பரணியையும் ஒருவரையொருவர் அறியாதபடி பிரித்து வைத்திருக்கும் சந்தையும் சட்டமுமே அக்குறைக்குப் பொறுப்பு. அடுத்த டிசம்பரில் கொச்சியின் ஒரு வீட்டில் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுசெல்பவர், பன்னீரின் மணத்தோடு அந்தக் கொடியில் தெளிக்கப்பட்டது என்ன என்பதையும் கேட்பாராயின், அங்கிருந்தே சுவைத்தறிதல் தொடங்குகிறது.