பொம்மைக்கு ரெண்டே பாஸ்போர்ட்

தமிழ் வீட்டுக்குள் பொம்மை நுழையணும்னா இரண்டு பாஸ்போர்ட்டில் ஒன்றாவது வேண்டும். முதலாவது சாமி பாஸ்போர்ட். நவராத்திரி வந்தால் பரணிலிருந்து பெட்டி இறங்கும். ஐம்பது வயது ஆசாமிகூட கொஞ்சமும் வெட்கப்படாமல் பழைய நியூஸ்பேப்பரைப் பிரித்து, தசாவதார செட்டில் கூர்மத்தைக் காணோமே என்று தேடுவார். இரண்டாவது ஃபாரின் பாஸ்போர்ட். அமெரிக்காவிலிருந்து சித்தப்பா வாங்கி வந்த பார்பி, டப்பாகூடப் பிரிக்காமல் ஷோகேஸில் நிற்கும். தூசி தட்டுவார்கள், தொட விடமாட்டார்கள்.

இந்த ரெண்டும் இல்லாமல் இருபது வயசுப் பையனோ பொண்ணோ ஒரு பொம்மைக்குக் கவசம் தைத்து, அட்டையில் கோட்டை கட்டி, வரிசையாகப் போட்டோ எடுத்து ஒரு ராஜா காலத்துக் கதை சொன்னால்? "வேற வேலை இல்லையா உனக்கு?"

அந்தக் கேள்வியைக் கேட்கிற கோஷ்டிக்குத்தான் இந்தக் கட்டுரை. கடைசியில் பொம்மை கட்டுகிறவர்களுக்கும் கொஞ்சம் பாக்கி வைத்திருக்கிறது.

முதலில் அந்த வேலை என்னவென்று பார்க்கலாம். பார்பி சைஸ் பொம்மை என்றால் சுமார் பதினொன்றரை அங்குலம். கணக்கு ஆறில் ஒரு பங்கு. ஆறடி ஆள் ஓரடி ஆவான். கதவு, கட்டில், வாள், குதிரை எல்லாம் அதே வகுத்தலில் வரணும். ஒரு குவளை பெரிசாகிவிட்டால்கூட போட்டோ பொய் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். கடைப் பொம்மை எந்நேரமும் சிரித்துக்கொண்டே இருக்கும். போருக்குப் போகிறவள் அப்படிச் சிரிக்க முடியாதே? அதனால் நெயில் பாலிஷ் ரிமூவரால் அந்த முகத்தை அழிக்கணும். அதிலும் கவனம் வேண்டும்: மெத்தென்ற வினைல் தலை அசிட்டோனைத் தாங்கும், கெட்டி பிளாஸ்டிக் உடம்பில் பட்டால் இளகிப் போகும். பிறகு வாட்டர்கலர் பென்சிலில் புதுப் புருவம், புதுக் கோபம். முடி பிடிக்கவில்லையென்றால் பிடுங்கிவிட்டு ஊசியால் ஒவ்வொரு ஓட்டையாக மறுபடி நடணும். எல்லாம் முடிந்து கேமராவைப் பொம்மையின் கண் மட்டத்துக்கு இறக்கி, தரையில் குப்புறப் படுத்து எடுக்கணும். நின்றுகொண்டு எடுத்தால் பொம்மை. படுத்துக்கொண்டு எடுத்தால் ராணி. ஒரே ஒரு படத்துக்கு ஒரு சாயங்காலம் காலி. இதைக் குழந்தை விளையாட்டு என்கிறவர் எந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாரோ.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்" என்று அடுத்த குண்டு வரும். கொலுவை என்ன செய்யப் போகிறார்கள்? ஒற்றைப்படையில் படி கட்டி மேலே சாமிகளை வைப்பது ஒரு பக்கம். ஆனால் சின்னப் பசங்க நிற்பது எப்போதும் கீழே, தரையில் போட்ட செட் பக்கம்தான். கண்ணாடித் துண்டு குளமாகும். நாலு நாள் முன்னாடி தூவின கடுகும் கேழ்வரகும் முளைத்துப் புல்வெளியாகும். அட்டைப்பெட்டி மலையாகும். செட்டியாரும் மனைவியும் சொப்பு அரிசி பருப்பைப் பரப்பிக்கொண்டு கடை போட்டிருப்பார்கள். பக்கத்திலேயே கல்யாண செட், கிரிக்கெட் செட். மரப்பாச்சி ஜோடிக்கு ஒவ்வொரு வருஷமும் புதுத்துணி தைக்கிற வீடுகள் உண்டு. பொம்மையை "கஸ்டமைஸ்" பண்ணுவது என்று இப்போது சொல்கிறார்களே, அதற்கு இதைவிட வேறென்ன பெயர்? மதுரை பக்கம் விளாச்சேரியிலும், பண்ருட்டியிலும், காஞ்சிபுரத்திலும் களிமண்ணிலும் காகிதக்கூழிலும் பொம்மை செய்தே குடும்பம் நடத்துகிற தெருக்கள் இருக்கின்றன. கொங்குப் பக்கம் எல்லா வீட்டிலும் கொலு கிடையாது, உண்மைதான். ஆனால் சுண்டலுக்காவது போகாதவர் யார்? :-) ஒன்பது நாள் கலை, பத்தாவது நாள் பைத்தியக்காரத்தனம் என்பது என்ன நியாயம்?

இதை வேறு ஊர்க்காரர் சொன்னால் தெரியாமல் சொல்கிறார் என்று விட்டுவிடலாம். திருப்பூர்க்காரர் சொன்னால்தான் சிரிப்பு வருகிறது. பையர் ஓகே சொல்கிற வரைக்கும் மூணு மாசக் குழந்தையின் சட்டைக் காலரை நாலு தடவை பிரித்துத் தைக்கிற ஊர் இது. அரை இஞ்ச் தப்பினால் மொத்த சரக்கும் ரிஜெக்ட் என்று தெரிந்த ஊர். அந்தக் குழந்தைச் சட்டைக்கும் பொம்மைச் சட்டைக்கும் சில அங்குலம்தான் வித்தியாசம். ஒன்றுக்கு லெட்டர் ஆஃப் கிரெடிட் வரும், மற்றதுக்குத் திட்டு வரும். பனியன் கம்பெனியில் நாள் பூரா பொம்பளைங்க நைட்டியும் குழந்தை ஜட்டியும் வெட்டிவிட்டு வருகிற அப்பா, வீட்டில் மகன் பொம்மைக்கு அங்கி தைப்பதைப் பார்த்தால் "பொட்டப்புள்ள வேலை பண்றான்" என்பார். அப்போ அவர் காலையிலிருந்து பண்ணினது என்ன வேலையாம்?

பொருள் விஷயத்தில் இந்த ஊரை அடிக்க ஆளே இல்லை. கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிலோ கணக்கில் போகிறது. கலர் வாரியாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, ஓஇ மில்லில் மறுபடி நூலாக்குகிறார்கள். அதில் ஒரு கைப்பிடி போதும், ஒரு ராஜ்யத்துக்கே உடுப்புத் தைக்கலாம். அளவைச் சுருக்கினாலும் துணியின் தடிமன் சுருங்காது, பொம்மைத் தையலில் பெரிய தலைவலி அதுதான். 280 ஜிஎஸ்எம் ஃப்ளீஸில் மேலங்கி தைத்தால் தளபதி மெத்தையைச் சுற்றிக்கொண்டு வந்த மாதிரி இருப்பார். மெல்லிசான சிங்கிள் ஜெர்சிதான் சரி. வெட்டின ஓரம் சுருளும், ஆனால் நெய்த துணி மாதிரி நூல் பிரிந்து கொட்டாது, மடித்துத் தைக்கிற வேலை மிச்சம். நூல் தீர்ந்த காகிதக் கோனைக் கவிழ்த்து வைத்தால் கோபுரக் கூரை. ஏற்றுமதி அட்டைப்பெட்டியின் மேல் தாளை நனைத்து உரித்தால் உள்ளே இருக்கிற வரிவரி அப்படியே ஓட்டுக் கூரை. ஜன்னல் வெயிலை மட்டுப்படுத்த வெள்ளை பனியன் துணியைக் கட்டினால் போதும், ஸ்டூடியோ லைட்டுக்கு செலவே இல்லை.

இன்னொன்று, சங்கிலிக் கவசம். இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்கிறார்களே, அதேதான். சினிமாக்காரர்கள் ரொம்பக் காலமாக அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? கம்பளியிலோ முறுக்கு நூலிலோ பின்னி, மேலே வெள்ளி பெயின்ட் அடித்தார்கள். லாரன்ஸ் ஒலிவியரின் 1944 'ஹென்றி த ஃபிஃப்த்' படத்துப் படைவீரர்கள் போட்டிருந்தது அந்த மாதிரிக் கவசம்தான். 1975-ல் வந்த மான்ட்டி பைத்தான் படத்திலும் அதே கதை. ஆக, திரையில் ஜொலித்த அந்த வீரமெல்லாம் பின்னலாடை! திருப்பூர் ரிப் துணியில் ஒரு சாண் எடுத்து அலுமினியம் பெயின்ட் தடவினால் ஆறில் ஒரு பங்கு கவசம் தயார். சினிமாக்காரர்கள் கம்பளி பின்னித் தேடியது இங்கே குப்பையில் கிடக்கிறது.

"சரி, இதனால் என்ன வருமானம்?" காமர்ஸ் படிக்கிற பிள்ளைகளிடம் இந்தக் கேள்வி ரொம்பச் சுலபமாக வரும். ஆன்லைனில் விற்கலாம், அனிமேஷன் கம்பெனியில் சேரலாம், போர்ட்ஃபோலியோ ஆகும் என்றெல்லாம் பதில் சொல்கிறார்கள். சொல்லவே கூடாது. ஐபிஎல் பார்க்கிறவனிடம் யாராவது ரிட்டர்ன் ஆன் இன்வெஸ்ட்மென்ட் கேட்கிறார்களா? ரெண்டு மாசம் தினமும் மூணு மணி நேரம் டிவி முன்னால் உட்காருகிறானே, அதற்கு ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட் யார் போட்டார்கள்? கணக்கு கேட்பது பொம்மைக்காரனிடம் மட்டும்தான் என்றால் அது கணக்கில்லை, ஏளனம்.

அமெரிக்காவில் மார்க் ஹோகன்காம்ப் என்று ஒருவர். 2000 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்துக் கிங்ஸ்டன் ஊரில் ஒரு பாருக்கு வெளியே ஐந்து பேர் அவரை அடித்துப் போட்டார்கள். ஒன்பது நாள் கோமா. எழுந்தபோது பழைய நினைவெல்லாம் போயிருந்தது, நடக்கவும் எழுதவும் மறுபடி கற்க வேண்டியிருந்தது. சிகிச்சைக்குப் பணம் தீர்ந்ததும் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆறில் ஒரு பங்கு அளவில் இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பெல்ஜிய ஊர் ஒன்றைக் கட்டினார். பெயர் மார்வென்கோல். பார்பிகளும் சிப்பாய் பொம்மைகளும்தான் ஊர் ஜனங்கள். தினமும் ஒரு கதை, தினமும் போட்டோ. 2010-ல் அவரைப் பற்றி ஆவணப்படம் வந்தது, 2018-ல் ராபர்ட் ஸெமெக்கிஸ் சினிமாவாகவே எடுத்தார்.

இந்தக் கதையைச் சொன்னதும் ஏளனக் கோஷ்டி சட்டென்று உருகிவிடும். "பாவம், அவருக்கு அது மருந்து." பாருங்கள், மூன்றாவது பாஸ்போர்ட்டும் தயார்! சாமி, ஃபாரின், இப்போது வியாதி. அடிபட்டால்தான் பொம்மை வைத்துக்கொள்ளலாமா? அந்த மனிதரின் படங்கள் நிற்பது அடிபட்டதால் இல்லை. பொம்மை ஜீப்பின் டயர் புதுசு மாதிரி தெரியக்கூடாது என்று அதைத் தார் ரோட்டில் மைல் கணக்காக இழுத்துக்கொண்டு நடந்தாரே, அதனால்தான்.

இப்போது பாக்கி. பொம்மை கட்டுகிறவர்களே, நீங்களும் யோக்கியமில்லை. கேலிக்குப் பயந்து நீங்களும் ஒரு பாஸ்போர்ட் வாங்கி வைத்திருக்கிறீர்கள். மத்திய காலம், மாயாஜாலம் என்றதும் ஏன் ஓடிப்போய் இங்கிலாந்துக் கோட்டையைக் கட்டுகிறீர்கள்? டால்கம் பவுடரில் பனி தூவுகிறீர்கள். திருப்பூரில் பனியன் உண்டு, பனி ஏது? 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படத்துக்கு ஹெல்ம்ஸ் டீப் கோட்டையை 35-ல் ஒரு பங்காகவும், மினாஸ் டிரித் நகரத்தை 72-ல் ஒரு பங்காகவும் நியூசிலாந்தில் கட்டினார்கள். அந்தக் கைவேலையைப் பார்த்து மலைக்கலாம், கற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கதையை எழுதின டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் நடத்தின பேராசிரியர். அவர் தன் பாஷையின் பழங்கதைகளுக்குள் இறங்கித்தான் எழுதினார். காப்பியடிப்பதானால் அந்தப் புத்தியைக் காப்பியடிக்கணும்.

காங்கேயத்துக்குப் பக்கம் ஓலப்பாளையம். 1960-களில் பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் அந்த ஊரில் தங்கி ஆராய்ச்சி செய்தார். அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடக் கேட்டு, நாள் கணக்காக டேப்பில் பதிந்தார். 1982-ல் அதைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் போட்டார், பிற்பாடு அனிமேஷன் தொடராகவும் செய்தார். வெளியிலிருந்து வந்தவருக்கு அது படமாகத் தெரிந்தது. பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் கதையில் என்ன இல்லை? பொன்னர், சங்கர் என்று இரட்டை அண்ணன்மார். நடக்கப்போவதை முன்கூட்டியே அறிகிற தங்கை. வேட்டுவர்களோடு பகை. கொம்பன் என்ற ராட்சசக் காட்டுப்பன்றி. அதை மடக்குகிறது பொன்னாச்சி என்ற குட்டி நாய்! கடைசியில் படுகளம். செத்துக் கிடக்கும் அண்ணன்மாரைத் தங்கை தேடி வந்து எழுப்புகிற காட்சி. டிராகன் எதற்கு?

"அது ஜாதிக் கதை, தொட்டால் வம்பு" என்று சிலர் ஒதுங்குவார்கள். பயம் நியாயமானதுதான். ஒரு ஜாதியின் பெருமைக்கொடியாக அதைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. அதனாலேயே அது பொம்மைக்காரர் கைக்கு வரணும். உடுக்கடிப் பாட்டில் அண்ணன்மார்தான் நாயகர். ஆனால் கேமராவை எந்தப் பொம்மையின் கண் மட்டத்தில் வைப்பது என்று முடிவு செய்வது படுத்துக் கிடக்கிறவர்தான். அண்ணன்மாரின் பணியாள் சாம்புகனின் உயரத்தில் வைக்கலாம். வேட்டுவர் பக்கம் நின்று, தங்கள் காட்டை நோக்கி வருகிற குதிரைகளை எடுக்கலாம். அப்படி ஒரு படம் வந்தால் எத்தனை பேர் கோபப்படுவார்கள் என்பதை வைத்தே அது விளையாட்டா இல்லையா என்று தெரிந்துவிடும்.

செட்டுக்கும் அலைய வேண்டாம். கொரங்காட்டுச் செம்மண் ஒரு பை. காய்ந்த கிளுவைக் குச்சிகளை நெருக்கமாக நட்டால் வேலி. சின்ன வெள்வேலங் கிளை ஒன்று முழு மரமாகிவிடும், அதன் முள்ளே ஆறில் ஒரு பங்குக்கு ஈட்டி முனை. விடிகாலைப் பனிமூட்டத்துக்குச் சாம்பிராணி. கொம்பனுக்கு ஒரு பழைய சாக்ஸில் கட்டிங் வேஸ்ட்டை அடைத்து, மேலே தேங்காய் நார் ஒட்டணும். காங்கேயம் ரோட்டில் நாருக்கா பஞ்சம்? பொன்னாச்சியை மட்டும் ரொம்பச் சின்னதாகச் செய்யணும். பக்கத்தில் நின்றால் பன்றியின் குளம்பு உயரம்கூட இருக்கக்கூடாது.