காட்சி விற்பனைக்கு, காணி யாருக்கு?

நுவரெலியா நகரின் நடுவே கோல்ப் மைதானம் ஒன்று பச்சைப் பட்டு விரித்தாற்போல் கிடக்கிறது. 1889ஆம் ஆண்டில் வெள்ளைத் துரைமார் தம் பொழுதுபோக்குக்காக வகுத்துக்கொண்ட மைதானம் அது. துரைமார் போயினர். துரைத்தனம் போயிற்றா? இல்லை! இன்று அது வீட்டுமனை விளம்பரமாக மறுபிறவி எடுத்திருக்கிறது.

கண்டிக்கு அருகே திகனவில், விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில், கோல்ப் மைதானத்தைச் சூழ மனைகளும் மாளிகைகளும் விலைபேசப்படுகின்றன. நுவரெலியா, அட்டன் பக்கத்திலோ தேயிலை மலையின் காட்சியே விற்பனைச் சரக்கு! மூடுபனி, குளிர்காற்று, பேரமைதி, ஆங்கிலேயர் காலத்துக் கம்பீரம் என்று விளம்பரங்கள் பட்டியல் வாசிக்கின்றன. கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்ணின் படமும் அங்கே அழகுக்காக இடம்பெறுகிறது. அவள் படத்துக்கு இடமுண்டு, அவளுக்கு இடமுண்டா?

இந்த எழில் வானத்திலிருந்து விழுந்ததன்று. காட்டை அழித்துக் கல்லைப் பெயர்த்து, அட்டைக்கடிக்கும் கொடும்பனிக்கும் உடலைக் கொடுத்து, மலையகத் தமிழன் படைத்த எழில் இது. அவனது வரவின் இருநூறாம் ஆண்டை நினைந்து 2023இல் மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தே சென்றார்கள். 1948இல் அவன் குடியுரிமையைப் பறித்தது ஒரு சட்டம். 1964இல் அவனைக் கேளாமலே அவனைப் பங்குபோட்டது ஓர் ஒப்பந்தம். குடியுரிமை மீண்டது, காணியுரிமை மீண்டதா?

கணக்கைப் பாருங்கள்! 1992இல் தோட்டங்களை ஏற்ற கம்பனிகளுக்குக் குத்தகை 53 ஆண்டு. 2014ஆம் ஆண்டின் காணிச் சட்டப்படி வெளிநாட்டார் பெறக்கூடிய குத்தகை 99 ஆண்டுவரை. இருநூறு ஆண்டு உழைத்தவனுக்கோ பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிரா!

ஏழு பேர்ச் தருவோம் என்றார்கள். பின்னர் பத்து பேர்ச் என்றார்கள். பதினெட்டுக் குழிகள் கொண்ட கோல்ப் மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். நூறு ஏக்கர் என்பது பதினாறாயிரம் பேர்ச். பத்து பேர்ச் வீதம் ஆயிரத்து அறுநூறு குடும்பங்களின் வாழ்வு! பந்து உருள நிலமுண்டு. பாட்டாளி படுக்க நிலமில்லை. இது எந்த ஊர் நியாயம்?

“முதலீடு வந்தால் வேலை வருமே” என்பார்கள். வரட்டும்; வேண்டாமென்று யார் சொன்னார்? ஆயினும், தான் பண்படுத்திய மண்ணிலே புல்வெட்டியாகவும் காவற்காரனாகவும் நிற்பதுதான் அவன் பெறும் முன்னேற்றமா? வேலை என்பது காணிக்கு ஈடாகாது. வேலை ஒரு கடிதத்தில் போய்விடும். உறுதி எழுதிய காணி பேரனுக்கும் நிற்கும். ஏர் பிடித்த உழவனுக்கு இதை எடுத்துரைக்க வேண்டுமா?

மருத்துவராக, பொறியியலாளராக, கணக்காளராக உயர்ந்த தமிழ்ப் பெருமக்களே! அந்த வண்ணத்தாள் உங்கள் மேசையையும் தேடி வரும். வாங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தச் சன்னலில் தெரியும் மலையை ஆக்கியவனிடம் காணி உறுதி இருக்கிறதா?

அரசுக்கும் ஒன்று சொல்வோம். சலுகை கேட்கவில்லை, பிச்சையும் கேட்கவில்லை. மலையின் காட்சியை விலைபேசுமுன், மலையின் மக்களுக்குக் காணியை உறுதியெழுதிப் பதிந்து கொடுங்கள். முதலில் உறுதி, பிறகு விளம்பரம்!